பொறுக்கி எடுத்த படங்கள்: ஆக்னஸ் வர்தா பற்றி உங்கள் கேள்விகள்

போன மாதம் ஒரு வாசகர் 'பெண் இயக்குநர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் யார்?' என்று கேட்டிருந்தார். 'பிரான்ஸின் ஆக்னஸ் வர்தா' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. அதனால் இந்த வாரம் வேறு கேள்வி எதுவும் எடுக்கவில்லை.

இணையத்தில் தேடினால் 'பிரெஞ்சு நியூ வேவின் பாட்டி' என்று போட்டிருக்கிறார்கள். மற்ற இயக்குநர்களைவிட அவ்வளவு மூத்தவரா?
தென்காசி வாசகர்

இல்லவே இல்லை. நியூ வேவ் என்பது 1950-களின் கடைசியில் இளம் இயக்குநர்கள் பிரெஞ்சு சினிமாவில் கொண்டுவந்த புது அலை. அதன் பெரிய பெயர்கள் கொதார், த்ரூஃபோ. கொதார் பிறந்தது 1930, த்ரூஃபோ 1932, வர்தா 1928. இரண்டு வருஷம், நாலு வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பட்டம் அவர் முப்பதுகளில் இருக்கும்போதே ஒட்டிக்கொண்டது. காரணம் வயது இல்லை, வரிசை. த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படம் 1959-ல், கொதாருடையது 1960-ல். வர்தா தன் முதல் படமான 'லா பாயின்ட் கூர்த்' படத்தை 1954-லேயே எடுத்து முடித்துவிட்டார். நியூ வேவ் என்ற பேச்சே அப்போது கிடையாது. தெருவில் இறங்கிப் படம் பிடிப்பது, ஊர்க்காரர்களையே நடிக்க வைப்பது, கையில் இருக்கிற காசுக்குள் முடிப்பது என்று பின்னால் வந்த பையன்கள் செய்ததாகப் பாராட்டப்பட்ட பல விஷயங்கள் அதில் இருந்தன. ஆனால் சினிமா வரலாறு எழுதியவர்கள் ரொம்ப காலம் பையன்களிடமிருந்துதான் தொடங்கினார்கள். 'பாட்டி' என்பது மரியாதை மாதிரி தெரிந்தாலும் முதல் ஆளை ஓரத்தில் உட்கார வைக்கிற வார்த்தை என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறந்தது பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய இக்ஸெல் என்ற ஊரில். அப்பா கிரேக்கர், அம்மா பிரெஞ்சுக்காரர். வீட்டில் வைத்த பெயர் ஆர்லெட். அது பிடிக்காமல் பதினெட்டு வயதில் தானே ஆக்னஸ் என்று மாற்றிக்கொண்டார். (பிரெஞ்சில் 'ஆன்யெஸ்' என்பார்கள், ஆனால் ஆக்னஸ் நம்மிடையே ஏற்கனவே புழங்குகிற பெயர் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.) 1940-ல் போருக்குத் தப்பிப் பிரான்ஸின் தெற்கே செத் என்ற துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பம், கரையில் கட்டியிருந்த ஒரு படகிலேயே குடியிருந்தது. முதல் படம் எடுக்க அவர் திரும்பிப் போனதும் அந்த ஊருக்குத்தான். லா பாயின்ட் கூர்த் என்பது செத்தில் இருக்கும் மீனவர் குடியிருப்பின் பெயர்.

அவர் சினிமாவே பார்க்காமல் சினிமா எடுத்தார் என்று ஒரு நண்பன் சொல்கிறான். நம்பலாமா?
பாண்டிச்சேரி வாசகர்

கிட்டத்தட்ட உண்மை. இருபத்தைந்து வயது வரை தான் பார்த்த படங்கள் பத்துகூட இருக்காது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் புகைப்படக்காரர். பாரிஸில் ழான் விலார் நடத்திய தேசிய மக்கள் நாடக அரங்கத்துக்குப் படம் எடுப்பதுதான் வேலை. விலாரும் செத் ஊர்க்காரர். நாடக நடிகர்கள் இரண்டு பேரை, சில்வியா மோன்ஃபோர், ஃபிலிப் நுவாரே, கூட்டிக்கொண்டு போய் மீனவர்கள் நடுவில் நிறுத்திப் படத்தை எடுத்தார். நடித்தவர்களும் தொழில்நுட்ப ஆட்களும் கூட்டுறவு மாதிரி பங்குதாரர்கள், படம் சம்பாதித்தால் பிரித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

படத்தை வெட்டி ஒட்ட வேண்டுமே? அதற்கு அலென் ரெனேயிடம் போனார். பின்னாளில் 'ஹிரோஷிமா மோன் அமூர்' எடுத்த அதே ரெனே. முதலில் தயங்கினார், தான் எடுக்க நினைக்கிற மாதிரிப் படத்தை இந்தப் பெண் எடுத்துவிட்டாளே என்று. அப்புறம் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து எடிட் செய்து கொடுத்தார். எடிட்டிங் மேஜையில் ஒரு ஷாட்டைப் பார்த்து 'இது விஸ்கோன்தி மாதிரி இருக்கிறது' என்பாராம் ரெனே. 'யார் விஸ்கோன்தி?' என்பார் வர்தா. (இத்தாலியின் பெரிய இயக்குநர், அடுத்து வருகிற அந்தோனியோனியும் அப்படித்தான்.) இன்னொன்றைப் பார்த்து 'இதில் அந்தோனியோனி தெரிகிறார்' என்பார். 'அது யார்?' கடைசியில், பழைய படங்களைச் சேர்த்து வைத்துத் திரையிடுகிற சினிமாத்தெக் என்று ஒரு இடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று ரெனேதான் அனுப்பி வைத்தார்.

சினிமா தெரியாது, சரி. ஆனால் வேறு எதுவும் தெரியாமல் வரவில்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகப் பள்ளியில் கலை வரலாறு படித்தவர், நிறைய வாசித்தவர். அந்த முதல் படத்தில் மனக்கசப்பில் இருக்கும் ஒரு கணவன் மனைவியின் பேச்சும் மீனவர்களின் அன்றாடப் பிரச்சினைகளும் ஒன்றையொன்று தொடாமல் மாறி மாறி வரும். அந்த அமைப்பை அவர் எடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் ஒரு நாவலிலிருந்து.

முதலில் எந்தப் படத்தைப் பார்ப்பது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
சேலம் கல்லூரி மாணவி

'கிளியோ ஃப்ரம் 5 டு 7'. 1962-ல் வந்தது. தயாரிப்பாளர் கொடுத்த பணம் ரொம்பக் குறைவு, அதனால் கதையைப் பாரிஸுக்குள், ஒரே நாளுக்குள், சொல்லப்போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினார். கிளியோ ஒரு பாடகி. புற்றுநோயா இல்லையா என்ற பரிசோதனை முடிவு மாலை வர வேண்டும். அதுவரை அவள் என்ன செய்கிறாள்? அவ்வளவுதான் படம். அவள் பஸ்ஸில் போனால் நாமும் போகிறோம், மாடிப்படி இறங்கினால் நாமும் இறங்குகிறோம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஜூன் மாதம், ஆண்டிலேயே நீளமான பகல் உள்ள நாள். பயத்தில் இருக்கும் கிளியோ தொப்பிக் கடைக்குள் நுழைகிறாள். சுற்றிலும் கண்ணாடி. ஒவ்வொரு தொப்பியாகப் போட்டுப் போட்டுத் தன்னையே பார்த்துக்கொள்கிறாள். கடைசியில் வாங்குவது குளிர்காலத்துக்கான கறுப்பு ரோமத் தொப்பி! அதைப் போட்டுக்கொண்டே கிளம்பப் பார்க்கிறாள். கூட வந்த வேலைக்கார அம்மா தடுக்கிறாள்: இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, புதுசு போடக்கூடாது. பாரிஸிலும் செவ்வாய் ஆகாதா என்று முதல் தடவை பார்த்தபோது எழுந்து உட்கார்ந்தேன்.

படத்தின் முதல் பாதியில் எல்லாரும் கிளியோவைப் பார்க்கிறார்கள், அவளும் தன்னையே பார்க்கிறாள். பாதியில் ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் தலையில் இருந்த விக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். அதிலிருந்து அவள் மற்றவர்களைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். கடைசியில் ஒரு பூங்காவில், பிரான்ஸ் அப்போது அல்ஜீரியாவில் நடத்திக்கொண்டிருந்த போருக்கு அன்று இரவே திரும்பிப் போக வேண்டிய ஒரு சிப்பாயைச் சந்திக்கிறாள். சாகப் போகிறோமோ என்ற பயம் இரண்டு பேருக்கும். அந்தப் பேச்சு அவ்வளவு இதமாக இருக்கும். 2022-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கிப் போட்ட பட்டியலில் இது 14-வது இடம்.

'லெ போனர்' பார்த்துவிட்டுக் கோபத்தில் தூக்கம் வரவில்லை. மனைவி செத்துப் போகிறாள், கணவன் இன்னொருத்தியோடு சந்தோஷமாக இருக்கிறான், படம் முடிந்துவிட்டது. இதை எடுத்தவரையா பெண்ணியவாதி என்கிறார்கள்?
திருநெல்வேலி வாசகி

உங்கள் கோபம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது, அது வர வேண்டும் என்றுதான் அவர் எடுத்தார் என்பது என் எண்ணம். பார்க்காதவர்களுக்காக: ஒரு தச்சர், அன்பான மனைவி, இரண்டு குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை காட்டில் பிக்னிக். அவனுக்குத் தபால் ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு காதல் வருகிறது. இதில் தப்பு என்ன, சந்தோஷம் கூடத்தானே செய்கிறது என்று நிஜமாகவே நம்பி மனைவியிடமே சொல்கிறான். அவள் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்கிறாள். அவன் தூங்கி எழும்போது அவள் தண்ணீரில் பிணமாக இருக்கிறாள். கொஞ்ச நாளில் அந்த இன்னொரு பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

1965-ல் இது வந்தபோதே சண்டை. பார்க்க அவ்வளவு அழகு, சூரியகாந்திப் பூ, மொசார்ட் இசை, காட்சி மாறும்போது திரை கறுப்பாகாமல் நீலமாக, சிவப்பாக மங்கும். தச்சராக நடித்தவரின் நிஜ மனைவியும் குழந்தைகளும்தான் படத்திலும் மனைவி, குழந்தைகள். நானும் முதல் தடவை தவறாகத்தான் படித்தேன். இரண்டாம் தடவை கைகளைப் பார்த்தேன். முதல் மனைவியின் கைகள் மாவு தேய்க்கும், இஸ்திரி போடும், குழந்தைகளைக் கவனிக்கும். பின்பாதியில் அதே மாதிரி நெருக்கத்தில் அதே வேலைகள் வரும், ஆனால் கைகள் வேறு. யாரும் அழவில்லை, வீட்டில் எதுவும் நிற்கவில்லை, ஒரு ஆளை எடுத்துவிட்டு இன்னொரு ஆளைப் போட்டாயிற்று. அந்தக் குடும்பத்தின் சந்தோஷம் எதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார். அழகான கோடைக்காலப் பழம், உள்ளே புழு என்று அவரே அதை வர்ணித்தார்.

அப்புறம், பெண்ணியம் என்பது அவருக்குப் படத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. பிரான்ஸில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தில், 1971 ஏப்ரலில் 343 பெண்கள் 'நாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டிருக்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டுப் பத்திரிகையில் அறிக்கை விட்டார்கள். சிறைக்குப் போக நேரலாம் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து. அந்த 343 பேரில் வர்தாவும் ஒருவர். சட்டம் மாறியது 1975-ல்.

எனக்கு இரண்டு வயதுக் குழந்தை. விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன், குறும்படங்கள் எடுத்தேன், இப்போது வீட்டு வாசலைத் தாண்ட முடிவதில்லை. வர்தாவுக்குக் குழந்தைகள் இருந்ததா? எப்படிச் சமாளித்தார்?
மதுரை வாசகி

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல வர்தாவிடமே ஒரு படம் இருக்கிறது.

1972-ல் அவருக்கு இரண்டாவது குழந்தை, மத்யூ, பிறந்தான். வயது நாற்பத்து நாலு. கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் படப்பிடிப்புக்குப் போக முடியாது. பாரிஸில் ரூ தாகேர் என்ற தெருவில்தான் 1951-லிருந்தே அவர் வீடு. பழைய கடைகளாக இருந்த இடத்தை வாங்கி வீடாக்கியிருந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டு மீட்டரிலிருந்து ஒரு மின்சார ஒயர் இழுத்தார், 80, 90 மீட்டர் நீளம். கதவில் தபால் போடுகிற இடுக்கு வழியாக அந்த ஒயர் தெருவுக்கு வந்தது. கடைக்காரர்கள் மின்சாரத்துக்குச் செலவு வைக்கக்கூடாது, குழந்தையை விட்டு ரொம்ப தூரமும் போகக்கூடாது. ஒயர் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரத்துக்குள் இருக்கிற ஆட்களைப் பற்றிப் படம் எடுப்பேன் என்று முடிவு செய்தார். தொப்புள்கொடி மாதிரி என்று அந்த ஒயரைச் சொல்வார்.

அந்தத் தூரத்துக்குள் என்ன இருந்தது? ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, தையற்காரர், முடி திருத்துபவர், அக்கார்டியன் விற்கும் கடை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம். அப்புறம் 'நீல முட்பூ' என்று பெயர் போட்ட ஒரு வாசனைத் திரவியக் கடை, அதை நடத்தும் வயதான தம்பதி. அந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது. பொழுது சாயும் நேரம் வந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்பாள், எங்கோ கிளம்புகிற மாதிரி. போக மாட்டாள். கணவர் ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்ப்பார். கேமராவும் அவளோடு அங்கேயே நிற்கும். 'தாகெரியோடைப்ஸ்' என்று அந்தப் படத்துக்குப் பெயர். தெருவின் பெயரே புகைப்படக் கலையின் முன்னோடி லூயி தாகேரின் பெயர்தான், அதனால் அந்தத் தெரு ஆட்களின் உருவப்படங்களுக்கும் அதே பெயர். எல்லாக் கடைக்காரர்களிடமும் நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எப்படிச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டீர்கள், ராத்திரி என்ன கனவு வருகிறது என்று கேட்பார். பதில்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ரொட்டிக் கடைக்காரரைக் கனவு பற்றி அதற்கு முன்னால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

உங்கள் வீட்டிலிருந்து 80 மீட்டர் எங்கே போய் முடியும் என்று நடந்து பாருங்கள். எடுத்தால் எனக்கு அனுப்புங்கள், நிஜமாகவே பார்க்க ஆசை.

'வேகபாண்ட்' படத்தில் அந்தப் பெண் ஏன் அப்படி அலைகிறாள் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?
கோவை வாசகர்

சொல்லக்கூடாது என்பதுதான் படம். முதல் காட்சியிலேயே மோனா குளிரில் விறைத்துச் செத்துப் பள்ளத்தில் கிடக்கிறாள். அவளை வழியில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அதில் அவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிகிறது. நன்றி சொல்லாத, குளிக்காத, யாரையும் திருப்திப்படுத்த நினைக்காத ஒரு பெண்ணை நம்மால் சகிக்க முடிகிறதா என்று நம்மையே பார்க்க வைக்கும். மோனாவாக நடித்த சாந்த்ரின் பொனேருக்கு அப்போது பதினேழு வயது. இன்னொரு தடவை பார்த்தால் கவனியுங்கள்: அவள் நடந்து போகும் நீண்ட ஷாட்டுகளில் கேமரா வலமிருந்து இடமாக நகரும், நாம் எழுத்தை வாசிக்கிற திசைக்கு எதிராக. 1985-ல் வெனிஸ் விழாவின் பெரிய பரிசான தங்கச் சிங்கம் வாங்கிய படம்.

அவர் கணவரும் இயக்குநராமே?
தஞ்சாவூர் வாசகர்

ஆமாம், ழாக் தெமி. 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பர்க்' எடுத்தவர், 1964-ல் கான் விழாவின் பெரிய பரிசு அதற்குத்தான். வசனம் முழுக்கப் பாட்டாகவே இருக்கும். 1962-ல் திருமணம். நடுவில் சில வருஷம் பிரிந்திருந்தார்கள், அப்புறம் சேர்ந்துவிட்டார்கள். தெமி நோயில் விழுந்தபின் தன் சின்ன வயசு நினைவுகளை எழுத ஆரம்பித்தார். அப்பா வைத்திருந்த மோட்டார் மெக்கானிக் ஷெட், அட்டையில் செய்த பொம்மை நாடகம், பையனாக வாங்கிய முதல் கேமரா. அதை நான் படமாக எடுக்கிறேன் என்றார் வர்தா. 'ழாக்கோ த நாந்த்' அப்படி வந்தது. சின்னப் பையன்கள் நடித்த கதைக்கு நடுநடுவே நிஜ தெமி வருவார். கேமரா அவர் நரைமுடி, கண், கையில் இருக்கும் புண்கள், தோலின் சுருக்கம் என்று அவ்வளவு பக்கத்தில் போகும். ஒரு மனைவி கையால் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும், வேறு யாரும் அவ்வளவு பக்கத்தில் போயிருக்க முடியாது. படப்பிடிப்பு முடிந்து கொஞ்ச நாளில், 1990 அக்டோபரில், தெமி இறந்துபோனார். எய்ட்ஸ். அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்லவில்லை. 2008-ல் 'தி பீச்சஸ் ஆஃப் ஆக்னஸ்' படத்தில்தான் வர்தா சொன்னார்.

உருளைக்கிழங்கு பொறுக்குகிறவர்கள் பற்றி ஒரு முழுப் படமா? எங்கள் பக்கம் கடலைக்கொடி பிடுங்கின காட்டில் மிச்சம் கிடக்கிற காயைப் பொறுக்கி வளர்ந்தவன் நான். இதைப் படமாகப் பார்க்க என்ன இருக்கிறது?
விழுப்புரம் வாசகர்

உங்களுக்காகவே எடுத்த படம் ஐயா அது. 2000-ல் வந்தது. பிரெஞ்சுத் தலைப்பை அப்படியே சொன்னால் 'பொறுக்குகிறவர்களும் பொறுக்குகிறவளும்'. அந்த இரண்டாவது ஆள் வர்தாதான், அவர்கள் கிழங்கு பொறுக்குகிறார்கள், நான் காட்சிகளைப் பொறுக்குகிறேன் என்று தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

இதைத் தமிழில் எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. வயலில் கதிர் பொறுக்குவது பைபிளில் ரூத் செய்த வேலை. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான் என்றால் பாராட்டு. ஆனால் பொறுக்கி என்று ஒரு ஆளைச் சொன்னால் வசவு. கீழே கிடப்பதை எடுத்துப் பிழைத்தவர்களை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதை அந்த ஒரு வார்த்தை காட்டிக் கொடுக்கிறது. வர்தா படம் முழுக்கச் செய்வது அந்த இடத்தை மாற்றுகிற வேலைதான், பிரசங்கம் இல்லாமல்.

படத்தில் ஒரு பெரிய உருளைக்கிழங்குப் பண்ணை. அறுவடையானதைத் தரம் பிரிக்கிறார்கள். கடையில் விற்க ஒரே அளவு வேண்டும், ஒரே வடிவம் வேண்டும். ரொம்பப் பெரிசு, பச்சை விழுந்தது, வடிவம் கோணினது எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வயலில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்ல கிழங்குகள்தான்! ஆட்கள் பையோடு வந்து அள்ளுகிறார்கள். அதில் ஒருவர் இதய வடிவத்தில் ஒரு கிழங்கு கிடைத்ததைக் காட்டுகிறார். வர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்கு எனக்கு என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொள்கிறார். அது சுருங்கி முளைவிடுவதையும் படம் எடுக்கிறார்.

இன்னொரு இடத்தில் கறுப்பு அங்கி போட்ட வக்கீல் ஒருவர், கையில் சிவப்பு அட்டைச் சட்டப் புத்தகத்தோடு, காய்கறி வயலுக்கு நடுவில் நின்று சட்டம் சொல்வார். அறுவடை முடிந்தபின், சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை பொறுக்க உரிமை உண்டு, 1554-ல் போட்ட அரச ஆணையில் ஆரம்பித்தது என்று. பாரிஸில் ஒரு மனிதர், சந்தை முடிந்ததும் தரையில் விழுந்த ஆப்பிளையும் கீரையையும் எடுத்து நின்றபடியே சாப்பிடுகிறார். வர்தா அவரிடம் பேச்சுக் கொடுக்கிறார், பின்னாலேயே போகிறார். பார்த்தால் உயிரியலில் முதுகலை படித்தவர். தினமும் சாயங்காலம் தான் தங்கியிருக்கும் விடுதியின் அடித்தளத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். கரும்பலகையில் படம் வரைந்து வரைந்து. அந்த வகுப்பை ஒரு ஃபிலிம் சொசைட்டித் திரையிடலில் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. நானும் துடைத்துக்கொண்டேன்.

அப்போது வர்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கையடக்கமான சின்ன டிஜிட்டல் கேமரா புதிதாக வந்திருந்தது, ஒரு கையால் பிடிக்கலாம். உடனே வலது கையால் இடது கையைப் படம் பிடித்தார். சுருக்கம், நரம்பு, பழுப்புப் புள்ளி. ஏதோ தெரியாத மிருகத்தின் தோல் மாதிரி இருக்கிறதே என்று வியக்கிறார். குப்பையில் முள் இல்லாத ஒரு கடிகாரத்தை எடுத்து வந்து அலமாரியில் வைத்து, அதன் பின்னால் தன் முகம் மெதுவாக நகர்வதைக் காட்டுகிறார். நேரம் போவது தெரியாத கடிகாரம் எனக்குச் சரிப்படும் என்கிறார். ஒரு தடவை கேமராவை அணைக்க மறந்துவிட்டார், நடக்க நடக்க லென்ஸ் மூடி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது பதிவாகிவிட்டது. யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். அவர் அதற்கு ஜாஸ் இசை போட்டு மூடியின் நடனம் என்று படத்தில் சேர்த்துவிட்டார். வீணானதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் பற்றிய படத்தில் வீணான ஷாட்டை எப்படித் தூக்கி எறிவது?

உங்கள் காட்டில் கடலை பொறுக்கின கதையை விரிவாக எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் தருகிறேன்.

ஆஸ்கர் வாங்கினாரா?
ஈரோடு வாசகர்

2017-ல் கௌரவ ஆஸ்கர். அதற்கு முன் எந்தப் பெண் இயக்குநருக்கும் அது கொடுக்கப்பட்டதில்லை. கான் விழாவின் கௌரவத் தங்கப்பனை 2015-ல், அதிலும் அவர்தான் முதல் பெண் இயக்குநர். கௌரவ ஆஸ்கருக்கு அடுத்த வருஷமே, 2018-ல், 'ஃபேசஸ் பிளேசஸ்' படத்துக்காக ஆஸ்கரின் போட்டிப் பிரிவில் பரிந்துரை. அப்போது வயது 89, அன்றைய தேதிக்கு ஆஸ்கர் வரலாற்றிலேயே மூத்த போட்டியாளர். அதே வருஷம் போட்டியில் இருந்த இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியைவிட எட்டே நாள் மூத்தவர். பரிந்துரை பெற்றவர்களுக்கான விருந்துக்குப் போக முடியவில்லை, தன்னுடைய ஆளுயர அட்டைப் படங்களை அனுப்பி வைத்தார். ஹாலிவுட் நட்சத்திரங்கள் எல்லாம் அந்த அட்டையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த மே மாதம் கான் விழாவின் சிவப்புக் கம்பளப் படிகளில் 82 பெண்கள் கைகோத்து நின்றார்கள். அந்த விழா தொடங்கியதிலிருந்து போட்டிப் பிரிவில் வந்த பெண்கள் இயக்கிய படங்களின் எண்ணிக்கை 82. அங்கே சமத்துவம் கேட்டு அறிக்கை வாசித்தவர்கள் நடிகை கேட் பிளான்செட்டும் வர்தாவும்.

இப்போது இருக்கிறாரா? அவர் படங்களில் உங்களால் மறக்கவே முடியாத காட்சி எது?
யாழ்ப்பாண வாசகி

2019 மார்ச் 29-ம் தேதி, அதே ரூ தாகேர் வீட்டில் காலமானார். தொண்ணூறு வயது. ஒன்றரை மாதம் முன்புதான் பெர்லின் விழாவில் கடைசிப் படத்தைத் திரையிட்டு வந்திருந்தார். செய்தி கேட்டு வந்தவர்கள் வீட்டு வாசலில் பூக்களோடு உருளைக்கிழங்குகளும் வைத்துவிட்டுப் போனார்கள். மோன்பர்னாஸ் கல்லறையில் தெமியின் பக்கத்தில் அடக்கம்.

மறக்க முடியாத காட்சி என்றால் 'ஃபேசஸ் பிளேசஸ்' முடிவு. ஜே.ஆர். என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து எடுத்த படம், அவருக்கு முப்பத்து மூன்று, இவருக்கு எண்பத்தெட்டு. வேனில் ஊர் ஊராகப் போய், சுரங்கத் தொழிலாளி குடும்பம், துறைமுகத் தொழிலாளிகளின் மனைவிகள், ஆடு வளர்க்கிறவர் என்று பார்த்தவர்களைப் படம் எடுத்துப் பெரிய பெரிய சுவர்களில் ஒட்டுகிறார்கள். ஜே.ஆர். எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், கழற்றவே மாட்டார். அது வர்தாவுக்கு ஒரு குறை. ஏனென்றால் 1961-ல் கொதாரும் இதே மாதிரிதான், கறுப்புக் கண்ணாடி. 'கிளியோ'வுக்குள் வருகிற ஒரு குட்டி மௌனப் படத்தில் கொதாரை நடிக்க வைத்து, அந்தக் கண்ணாடியைக் கழற்ற வைத்தார் வர்தா. அந்தப் பெரிய அழகான கண்களை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று.

கடைசியில் ஜே.ஆரைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தில் கொதார் வீட்டுக்குப் போகிறார். சொல்லி வைத்துவிட்டுத்தான் போகிறார். கொதாருக்குப் பிடித்த ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறார். கதவு திறக்கவில்லை. கண்ணாடிக் கதவில் ஒரு வாசகம் மட்டும் எழுதியிருக்கிறது, தெமி இறந்தபோது கொதார் எழுதி அனுப்பிய அதே வார்த்தைகள். வர்தா அழுதுவிடுகிறார். படத்துக்காக இல்லை, நிஜமாக. ரொட்டிப் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்.

ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரைத் தேற்ற என்ன செய்வது என்று தெரியாமல் ஜே.ஆர். தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அவர் முகத்தை நாமும் வர்தாவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், அவர் கண்ணிலோ பார்வை மங்கிவிட்டது, அதனால் திரையில் தெரிவது கலங்கலான ஒரு முகம் மட்டும். சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் உன்னைப் பார்க்கிறேன் என்கிறார் வர்தா. அப்புறம் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.